பூச்சையை விரட்டாதீங்க, ரயிலைத் தள்ளி வைங்க!

வீட்டில் பூனை இருந்தால் மாடல் ரயில் ஓட்ட முடியாதாம். ரெண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமாம். இந்த ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அதிலும் பாருங்க, தீர்ப்பு எப்பவும் ஒரே பக்கம்தான். "ரயிலை மூட்டை கட்டிப் பரண்ல போடு" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "பூனையைக் கொண்டு விட்டுட்டு வா" என்பதுதான் தீர்ப்பு.

எனக்கும் அந்தத் தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டு மச்சில் ஆறடிக்கு மூணடி பிளைவுட் ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு வட்டப்பாதை, ஒரு ஸ்டேஷன், ஒரு எஞ்சின், நாலு பெட்டி. அதற்கு நடுவில் வெள்ளச்சி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: "லேய், பூச்சைய சாக்குல கெட்டி ஆத்துக்கு அக்கரைல விட்டுட்டு வா. ரெண்டு நாள்ல அதுக்கும் மறந்துரும், ஒனக்கும் மறந்துரும்."

(வெளியூர் மக்களுக்கு: எங்கள் ஊரில் பூனை என்றால் பூச்சை. சிரிக்காதீங்க. பழைய இலக்கியத்தில் பூனைக்குப் பேர் பூசை. கம்பர் தன் அவையடக்கத்தில் பாற்கடல் முன்னால் கொண்டு நிறுத்துவதும் அந்தப் பூசையைத்தான். ஆக, கம்பருக்குப் பக்கத்தில் நிற்பது நாங்கதான்.)

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அறிவுரை மேல்தான் கோபம். அதில் ரயில் பற்றிய தப்பும் இருக்கிறது, பூனை பற்றிய தப்பும் இருக்கிறது, கொஞ்சம் கொடுமையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

மாடல் ரயில் என்றால் என்ன என்று கேட்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெண்டு வரி. இது திருவிழாக் கடையில் சாவி கொடுத்து விடுகிற பொம்மை இல்லை. நிஜ ரயிலை ஒரு கணக்குப்படி சுருக்கிச் செய்வது. அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ரெண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் கரண்ட் போகும். சக்கரம் வழியாக அதை எடுத்து எஞ்சினுக்குள் இருக்கும் குட்டி மோட்டார் ஓடும். அவ்வளவுதான். புனேயில் பாவுசாகேப் ஜோஷி என்பவர் இதுக்கென்றே ஒரு முழு மியூசியம் செய்து வைத்தார். 1998-ல் திறந்தது. ஆசை இருப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

முதல்ல வந்தது யாரு?

எங்கள் ஊர்ப்பக்கம் பூனை செல்லப்பிராணியாக வந்ததே இல்லை. வேலைக்கு வந்தது. நாஞ்சில் என்றாலே கலப்பைதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இருந்தது பூராவும் வயல். வயல் இருந்தால் நெல், நெல் இருந்தால் பத்தாயம், பத்தாயம் இருந்தால் எலி, எலி இருந்தால் பூச்சை. இதுதான் கணக்கு. எங்கள் பாட்டாவிடம் அந்த சீனியர் சொன்னதைச் சொன்னேன். "பூச்சை இல்லாத வீட்டுல பத்தாயம் எதுக்குடே?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடக்கினார். இப்போது பத்தாயத்துக்குள் கிடப்பது பழைய துணியும் என் பிளஸ் டூ புத்தகமும்தான் என்பது வேறு விஷயம்.

ரயில் எப்போது வந்தது? குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்குப் பிறகும் 22 வருஷத்துக்கு மேல் இங்கே ஒரு அடி தண்டவாளம் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகணும். திருவனந்தபுரம்-நாகர்கோவில்-கன்னியாகுமரி பாதை திறந்தது 1979-ல். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக திருநெல்வேலிப் பாதை வந்தது 1981-ல். பாட்டா தன் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொந்த ஊரில் ரயிலைப் பார்த்திருக்கிறார்.

தொல்காப்பியத்து மரபியலிலேயே வெருகுக்கும் அதன் குட்டிக்கும் இடம் இருக்கிறது. நம்ம ஊர் ரயிலுக்கு வயசு இன்னும் 50 ஆகவில்லை. நிஜ ரயிலுக்கே இந்த நிலைமை என்றால், மச்சில் கிடக்கும் பிளாஸ்டிக் ரயில் வந்து பூச்சையைப் பார்த்து "நீ வெளியே போ" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? விருந்தாளி வந்து வீட்டுக்காரனைக் கிளப்பின கதைதான் இது.

சரி, வயசு பெரிசு என்பது மட்டும் வாதம் ஆகாது. குற்றப்பத்திரிகைக்கு வருவோம்.

குற்றச்சாட்டு 1: பூனை முடி மோட்டாரைக் கெடுக்கும்

கெடுக்கும். உண்மைதான். பல்சக்கரத்தில் முடி சுற்றிக்கொள்ளும், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மாட்டினால் கரண்ட் தொடர்பு அறுந்து எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். ஆனால் அய்யா, நம்ம ஊரில் தண்டவாளத்தைக் கெடுப்பதில் பூனைக்கு எத்தனையாவது இடம்? இது கடல் சூழ்ந்த மாவட்டம், உப்புக்காற்று. தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை ரெண்டும் நமக்கு உண்டு. ஈரத்தில் பிளைவுட் ஊதும், தண்டவாளத்தில் கருப்புப் படியும். ஆரல்வாய்மொழிக் காற்று அடித்தால் ஜன்னலை மூடினாலும் மண் உள்ளே வரும். பல்லி செய்துவிட்டுப் போகும் காரியத்தை நான் எழுத வேண்டாம். பூனையே இல்லாத வீட்டிலும் ஓட்டுவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் துடைத்தே ஆகணும். எப்படியும் துடைக்கப் போகிற துணியில் நாலு முடி கூட வந்தால் என்ன குடி முழுகிப் போகும்?

குற்றச்சாட்டு 2: வயரைக் கடிக்கும்

குட்டிகள் கடிக்கும். மறுக்கவில்லை. ஆனால் பூச்சையை விரட்டிவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்? எலியார் வருவார். எலிக்கு முன்பல் வாழ்நாள் பூரா வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கறம்பிக்கொண்டே இருக்கும். நிஜ ரயில்வேயே எலியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. லக்னோ கோட்டத்தில் மூணு வருஷத்தில் 69 லட்சத்துக்கு மேல் செலவு செய்து 168 எலி பிடித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கின பதிலை வைத்து 2023-ல் ஊரெல்லாம் சிரித்தது. "அது எலிக்கு மட்டும் இல்லை, பெட்டிகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது எல்லாம் சேர்ந்த செலவு" என்று ரயில்வே விளக்கம் சொன்னது. இருக்கட்டும். எலியைச் சமாளிக்கக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் ரெண்டு கணக்கிலும் உண்மை. எங்கள் வீட்டில் அந்த கான்ட்ராக்ட் தினம் ரெண்டு சாளைத் தலைக்கு நடக்கிறது. :-)

குற்றச்சாட்டு 3: வேண்டுமென்றே தட்டி விடும்

"வேண்டுமென்றே" என்கிற வார்த்தையில்தான் கோளாறு. பூனைக்கு அசையும் பொருள்தான் கண்ணில் முதலில் படும். அசைந்தால் அது இரை. அது கண்ணின் கதை. காதின் கதை இன்னும் சுவாரஸ்யம். மனுசன் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். இப்போது வரும் டிஜிட்டல் எஞ்சின்களில், மோட்டார் இரையும் சத்தம் நமக்குக் கேட்கக் கூடாது என்று கரண்டை 16, 20 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறார்கள். நமக்கு நிசப்தம். பூனைக்கு? எலிகள் ஒன்றோடொன்று கீச்சிடுவதும் நம் காதுக்கு எட்டாத அந்த உயரத்தில்தான். எலி மாதிரி ஓடுகிறது, எலி மாதிரி பொந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது, போதாக்குறைக்கு எலி எட்டத்தில் கீச்சும் விடுகிறது. பூனை பாயாமல் பஜனையா பாடும்? செய்ததெல்லாம் நாம். பழி அதுக்கு.

குற்றச்சாட்டு 4: காட்சியின் உண்மைத்தன்மை போச்சு

இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டால்தான் எனக்குச் சிரிப்பாக வரும். "அவ்வளவு கஷ்டப்பட்டு ஸ்டேஷன், மரம், மலை எல்லாம் செய்து வைத்தால் நடுவில் ராட்சசப் பூனை!" என்கிறார்கள். ராட்சசம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளச்சி மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 46 சென்டிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 40 மீட்டர். முக்கடலில் நிற்கும் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்ந்து 133 அடி, அதுவும் ஏறக்குறைய 40 மீட்டர்தான். ஆக, வள்ளுவர் படுத்த அளவுக்கு ஒரு பூனை. எடை 4 கிலோ. எடைக்கு 87-ஐ மூன்று தடவை பெருக்கணும். வருவது 2,600 டன்னுக்கு மேல். டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் ஒன்று 123 டன். அப்படி 21 எஞ்சினை அடுக்கி வைத்த கனத்தில் ஒரு ஜீவன் பிளாட்பாரத்தில் படுத்துப் பாதத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. உண்மைத்தன்மை போச்சுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் உண்மைத்தன்மை எங்கே இருக்கிறது, அதையும் பார்ப்போமா? இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26 வரணும். நீங்கள் ஓட்டுவது 16.5-ல். அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உள்ள அளவு. இந்தியப் பெட்டியை வெளிநாட்டுப் பாதையில் ஏற்றி "நாகர்கோவில் ஜங்ஷன்" என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள். நிஜ அகலப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சுருக்கினாலும் 2 மீட்டர். நாம் போட்டிருப்பது 18 அங்குலம், நிஜக் கணக்கில் 40 மீட்டர். அந்த வளைவில் நிஜ ரயில் போனால் பேப்பரில் செய்தி வரும். ஒரு எல்.எச்.பி. பெட்டி 24 மீட்டர், 20 பெட்டி வைத்தால் மாடலிலேயே ஐந்தரை மீட்டர் ஆகும். அதனால் நாலு பெட்டியோடு நிறுத்திக்கொண்டு அதற்கு விவேக் எக்ஸ்பிரஸ் என்று பேர் வைக்கிறோம். திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி, நம் மச்சில் நாலு பெட்டி!

தப்பில்லை. இடம் இல்லை, காசு இல்லை, விட்டுக்கொடுக்கிறோம். அகலத்தில், வளைவில், நீளத்தில் என்று எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்து வளர்ந்ததுதான் இந்தப் பொழுதுபோக்கு. பூனை விஷயத்தில் மட்டும் திடீரென்று சமரசமே கிடையாது என்கிறார்கள். இதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

எதிர்த்தரப்பின் ஒரு நியாயத்தைச் சொல்லியே ஆகணும். விலை. நல்ல எஞ்சின் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். சுங்கத்துக்கு மாடல் ரயிலும் பொம்மைதான். 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கு இறக்குமதி வரியை 20 சதத்திலிருந்து 60-க்கு ஏற்றினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். அப்படி வாங்கின எஞ்சின் தரையில் விழுந்தால் வயிறு எரியும். எனக்கும் எரியும். ஆனால் அந்த வாதம் எஞ்சினைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. பூனையைத் தொலைக்கச் சொல்லவில்லை.

சாக்கு மூட்டையின் கதை

"கொண்டு விட்டுட்டு வா" என்பது கேட்க லேசாக இருக்கிறது. என்ன நடக்கும் என்று யாராவது யோசித்ததுண்டா? பூனை இடத்தோடு ஒட்டி வாழும் பிராணி. எந்தச் சுவர், எந்தக் கூரை, எந்த நேரத்தில் எந்த வீட்டில் மீன் கழுவுவார்கள் என்பதுதான் அதன் சொத்து. சாக்கில் கட்டி, திசை தெரியக் கூடாது என்று நாலு சுற்றுச் சுற்றி, மீன் சந்தைப் பக்கம் இறக்கி விட்டால் அந்தச் சொத்து பூராவும் போச்சு. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூனைகள் அடிக்கும். நாய் துரத்தும். ஒளிய இடம் தெரியாது. "மீன் சந்தைதானே, நல்லாத் தின்னும்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வது ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

"எங்க வீட்டுப் பூச்சை பத்து மைல் தாண்டித் திரும்பி வந்துட்டு" என்ற கதை ஊருக்கு நாலு இருக்கும். திரும்பி வந்த பூனையைப் பற்றி மட்டும்தான் கதை இருக்கும் மக்கா. வராத பூனைக்கு யார் கதை சொல்வார்?

இதில் இன்னொரு விஷயம், இது குற்றம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பசியாலோ தாகத்தாலோ வாடும்படியான நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது தண்டனைக்குரியது. என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பதே ரூபாய். மாடல் ரயிலின் ஒரு உடைந்த கொக்கியைக்கூட அந்தக் காசுக்கு வாங்க முடியாது. சட்டமே அவ்வளவு மதிப்புத்தான் வைத்திருக்கிறது என்றால், மீதியை நாம்தானே வைக்கணும்?

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்றால் அது வேறு. தெரிந்த ஒரு வீட்டில் கேட்டு, அவர்கள் கையில் கொடுத்து, ரெண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது கைவிடுவது ஆகாது. நான் சண்டை போடுவது சாக்கோடு.

ஜப்பான்காரன் என்ன செய்தான்?

ஓசாகாவில் தென்னோஜி பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடை உண்டு. கடைக்குள்ளேயே பெரிய மாடல் ரயில் நகரம், பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். 2020-ல் கொரோனா வந்து வியாபாரம் படுத்தது. அந்தச் சமயத்தில் கடைக்காரர் தெருவில் கிடந்த பூனைகளைச் சேர்த்துக்கொண்டார். அவை ரயில் நகரத்தில் ஏறின. கட்டிடத்துக்கு நடுவில் படுத்தன, ஓடுகிற ரயிலைத் தட்டின. அவர் சாக்கைத் தேடவில்லை. படம் எடுத்துப் போட்டார். ராட்சசப் பூனைகள் ஊரைப் பிடித்த படங்கள் உலகம் பூரா சுற்றின, கூட்டம் திரும்ப வந்தது. எந்த "உண்மைத்தன்மை போச்சு" என்று நம்மாட்கள் அழுகிறார்களோ, அதைப் பார்க்கத்தான் ஜனம் வரிசையில் நின்றது.

நிஜ ரயிலிலும் அப்படித்தான். வாகயாமா பக்கம் கிஷி ஸ்டேஷன். நஷ்டத்தில் ஓடிய பாதை, மூடிவிடலாம் என்ற பேச்சு. 2007 ஜனவரியில் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராக்கித் தொப்பி போட்டார்கள். சம்பளம் பூனைத் தீனி. அதைப் பார்க்கவே ஜனங்கள் ரயிலேறினார்கள். 2015-ல் தாமா செத்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம். பாதை இன்றும் ஓடுகிறது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு ஸ்டேஷனிலும் பெலிக்ஸ் என்ற பூனைக்கு 2016-ல் எலி ஒழிப்பு சீனியர் அதிகாரி என்று பதவி உயர்வே கொடுத்தார்கள். 2023-ல் சாகும் வரை அது பணியில்தான் இருந்தது.

சரி, என்ன செய்யணும்?

வாய்ச் சவடால் மட்டும் போதாது என்பதால், ரயிலை எப்படித் தள்ளி வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டி முடித்ததும் எஞ்சினும் பெட்டிகளும் டப்பாவுக்குள் போகணும். உப்புக்காற்றுக்கும் அதுதான் மருந்து. வயர் எல்லாம் பலகைக்கு அடியில், பி.வி.சி. பைப்புக்குள். தண்டவாளத்தின் 12 வோல்ட் பூனையை ஒன்றும் செய்யாது, ஆனால் அடாப்டருக்குப் போகும் 230 வோல்ட் கொல்லும். அறையை விட்டுப் போகும்போது சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடணும். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையைச் சட்டம் போட்டுப் பலகை மேல் கவிழ்த்து வைத்தால் முடியும் வராது, பல்லியும் வராது. உயரத்தில் வைத்தால் ஏறாது என்று நம்பாதீங்க. பூனை நின்ற இடத்திலிருந்தே ஒன்றரை மீட்டர் தாவும். அதைவிட, ரயிலுக்கு மேலே இன்னும் உயரமான ஒரு தட்டில் அட்டைப்பெட்டி ஒன்று வைத்துவிடுங்க. உயரமும் பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் அது ஏன் உங்கள் ஸ்டேஷனில் வந்து படுக்கப் போகிறது?

நேரமும் முக்கியம். விடியலிலும் அந்தியிலும் பூனைக்கு வேட்டை மூடு. அந்த நேரத்தில் ரயிலை விட்டால் அது உங்கள் தப்பு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் - இதுதான் அதன் வரிசை. மத்தியானம் மீன் தலையைப் போட்டு அரை மணி கழித்து ஓட்டுங்க. எக்ஸ்பிரஸ் என்ன, ராக்கெட்டே போனாலும் கண் திறக்காது.

கடைசியாக, விளையாட்டில்லாமல் ஒன்று. நம் ரயிலுக்குப் பூனையால் ஆபத்து என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பூனைக்கு நம் ரயிலால் ஆபத்து அதைவிடப் பெரிசு. கொக்கிகளில் வரும் குட்டிக் காந்தம் ரெண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். நூல், ஜரிகை, மெல்லிய கம்பி உள்ளே போனால் குடலைச் சுருக்கிவிடும், ஆபரேஷன்தான். தண்டவாளம் துடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் அதுக்கு விஷம். துடைத்துக் காய்ந்த பிறகுதான் பூனையை உள்ளே விடணும். மரம் செய்கிற பஞ்சும் புல்தூளும் ஒட்டாமல் கிடந்தால் கூட்டி அள்ளிவிடணும். ஒரு எஞ்சின் உடைந்தால் காசு சேர்த்து இன்னொன்று வாங்கலாம், ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம் ஆகும். இன்னொன்றை எந்தக் கடையில் வாங்குவீங்க?

ஆகவே ரயில்வே பெருமக்களே, அடுத்த தடவை யாராவது "பூனையா ரயிலா" என்று கேட்டால், பலகையை நாலடி தள்ளிப் போடச் சொல்லுங்க. சாக்கை எடுக்கச் சொல்லாதீங்க. அதில் ஏதாவது கட்டியே ஆகணும் என்றால் நெல்லைக் கட்டுங்க. அதுக்குத்தான் அது செய்தது.

டிஸ்கி: 2,600 டன் கணக்கில் தப்பிருப்பதாக நினைக்கும் சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் 87 x 87 x 87 = 6,58,503 என்பதை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரவும். :-)